மதிப்புள்ள தோல்வி

ரோஷ்வால் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி அந்தப் பருவத்தில் இருபத்தொரு ஆட்டம் ஆடிப் பத்தொன்பதை வென்றது. பிழை அங்கேதான் தொடங்கியது என்பது கிருபானந்தனுக்கு வெகு பிந்தித்தான் விளங்கியது.

கிருபானந்தன் பிரெஞ்சு பேசும் நகரமொன்றில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருப்பவர். செயின்ட்-மிஷேலில் ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய மகள் நிருஷா ரோஷ்வால் அணிக்குக் கோல் காப்பவள். கல்லூரியில் அது அவளுக்குக் கடைசி வருடம். அதற்குப் பிறகும் விளையாட வேண்டுமென்றால் தேசியப் பயிற்சி முகாமுக்கு எடுபட வேண்டும். முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் மார்ச்சில் நடக்கும் எட்டு அணிச் சுற்றுப்போட்டிக்கு மட்டும்தான் வருவார்கள். வேறெந்த ஆட்டத்துக்கும் வந்து பழக்கமில்லை.

பெப்ரவரி நடுப்பகுதியில் அணிகளின் வரிசைப் பட்டியல் வந்தது. எட்டாவது இடத்தில் ஆஷ்வெல் கல்லூரி: ஏழு வெற்றி, பதினான்கு தோல்வி. ஒன்பதாவது இடத்தில் ரோஷ்வால்.

"ஆரோ தாளைத் தலைகீழாய்ப் பிடிச்சு வாசிச்சிருக்கினம்," என்றார் கிருபானந்தன்.

"இல்லை அப்பா. அவை மேல்நதி. நாங்கள் கீழ்நதி," என்றாள் நிருஷா.

கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து தங்களுக்குள் விளையாடும் கூட்டுக்குக் கொன்பரன்ஸ் என்று பெயர். அந்தப் பக்கத்தில் அப்படி இரண்டு இருந்தன. மேல்நதிக் கொன்பரன்ஸ் பழையது. கீழ்நதிக் கொன்பரன்ஸ் பிறகு வந்தது. இரண்டில் எது பலமானது என்பதைக் கல்லூரி ஹாக்கி ஒப்பீட்டுச் சபை ஆண்டுதோறும் விவாதித்துத் தீர்மானிக்கும். சபை தொடங்கிப் பதினேழு வருடம். பதினேழு முறையும் விவாதம் கடுமையாக இருந்ததாகவும் மேல்நதியே பலமானது என்று முடிந்ததாகவும் அறிக்கைகள் சொல்லின.

"அவை பதினாலு தரம் தோத்திருக்கினமே, பிள்ளை."

"ஓம். ஆனா நல்ல ஆக்களிட்டைத் தோத்திருக்கினம். நாங்கள் கூடாத ஆக்களை வெண்டிருக்கிறம்."

கிருபானந்தனுக்கு விளங்கவில்லை. விளங்காத விசயத்தை நேரில் போய்க் கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அடுத்த ஓய்வு நாளில் மெட்ரோ எடுத்து நகர மையத்தில் இருந்த சபை அலுவலகத்துக்குப் போனார். முறைப்பாடு செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். வரவேற்பு மேசையில் இருந்தவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஆறு பக்கம். கிருபானந்தன் தெரிந்த இடங்களில் பெயரும் விலாசமும் எழுதி, தெரியாத இடங்களில் 'இல்லை' என்று புள்ளடி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

எட்டு நாள் கழித்து அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அவர் நிரப்பியது முறைப்பாட்டுப் படிவம் அல்ல. சபையில் காலியாக இருந்த பொதுமக்கள் உறுப்பினர் பதவிக்கான விண்ணப்பம்.

சபைத் தலைவர் லாபெர்ஜ் வெள்ளைத் தாடியும் கழுத்துச் சால்வையுமாக இருந்தார். இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் குறிப்பெழுதக் காத்திருந்தார்கள்.

"இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"பந்து உள்ளுக்குப் போகக் கூடாது," என்றார் கிருபானந்தன்.

ஐஸ் ஹாக்கியில் பந்து இல்லை. கறுப்பு ரப்பர் வட்டுத்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பந்து என்கிறார்," என்றார் லாபெர்ஜ், கிட்டத்தட்ட நெகிழ்ந்துபோய்.

"ஐயா, ஒண்டு சொல்ல வேணும். என்ரை மகள் ரோஷ்வாலிலை விளையாடுறா."

"அது தடையில்லை. பக்கச்சார்பு என்பது விடயம் தெரிந்தவர்களுக்கு வருகிற நோய். உங்களுக்கு அது வர வாய்ப்பே இல்லை. நல்வரவு."

வீட்டில் சிவாஜினி பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கணவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"உங்களையோ எடுத்தவை?"

"ஓம்."

"அப்ப அது எப்பிடிப்பட்ட சபையாய் இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பிட்டு வெந்த நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தாள்.

நிருஷா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்கள் உள்ளுக்குப் போனால் கேக்கலாம். எங்கடை கோச்சையே உள்ளுக்கு விடேல்லை," என்றாள். அவள் அப்படி ஒரு விசயத்தை அவரிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. கிருபானந்தன் திருமணங்களுக்குப் போடுகிற கோட்டை எடுத்து வெளியில் கொழுவினார்.

விவாதம் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில், பிரெஞ்சில் நடந்தது. பதினொரு உறுப்பினர்கள். மேசை விரிப்பைத் தொட்டுப் பார்த்ததும் அது தங்கள் தொழிற்சாலையில் தோய்த்தது என்று கிருபானந்தனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் அவர் நிச்சயமாக அறிந்த ஒரே விடயம் அது.

முதல் நாள் ஒரு சொல்லிலேயே போயிற்று. அறிக்கையின் வரைவில் கீழ்நதிக் கொன்பரன்ஸ் 'பலவீனமானது' என்று பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தது. அது புண்படுத்தும் என்று ஒருவர் சொன்னார். 'குறைந்த பலமுள்ளது' என்று மாற்றலாமா என்றார் இன்னொருவர். குறைவு என்பதும் புண்படுத்தும் என்று மூன்றாமவர் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, 'வேறுவிதமாகப் பலமானது' என்ற சொல் ஏகமனதாக ஏற்கப்பட்டது. கீழ்நதியின் மனம் நோகாமல் காத்துவிட்ட திருப்தியோடு எல்லோரும் கலைந்தார்கள். ரோஷ்வால் ஒன்பதாவது இடத்திலேயே இருந்தது.

இரண்டாம் நாள் மேல்நதியின் பிரதிநிதி டொக்டர் விட்கோம் பேசினார். அவர் எந்தத் துறையில் டொக்டர் என்பது யாருக்கும் தெரியாது; கேட்பது மரியாதையும் அல்ல.

"நண்பர்களே, எங்கள் கொன்பரன்ஸில் ஆஷ்வெல் போன்ற ஓர் அணியால் பதினான்கு முறை தோற்க முடிகிறது. பதினான்கு முறை! அத்தனை தோல்விகளை வழங்கும் வளம் எங்களிடம் இருக்கிறது. கீழ்நதியைப் பாருங்கள். ரோஷ்வாலை இரண்டு முறைக்கு மேல் தோற்கடிக்க அவர்களால் முடியவில்லை. ஒரு கொன்பரன்ஸின் வறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

கை தட்டினார்கள். கிருபானந்தன் கையை உயர்த்தினார்.

"மேல்நதியும் கீழ்நதியும் எப்பவாவது ஒண்டோடொண்டு விளையாடியிருக்கோ?"

"இல்லை. பலமில்லாதவர்களோடு விளையாடினால் எங்கள் பலக் குறியெண் இறங்கிவிடும்."

"அவைக்குப் பலமில்லை எண்டு எப்பிடித் தெரியும்?"

"பலமானவர்களோடு அவர்கள் விளையாடியதே இல்லையே," என்றார் விட்கோம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

செயலாளர் அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

"அப்ப ஒரு மட்ச் வைச்சுப் பாக்கலாமே," என்றார் கிருபானந்தன். "இரண்டு கல்லூரியும் இந்த நகரத்திலைதானே இருக்கு. பஸ்ஸிலை அரை மணித்தியாலம்."

யாரோ தண்ணீர்க் குவளையை மெல்ல மேசையில் வைத்தார்கள். லாபெர்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, உங்கள் எளிமை எங்களுக்குத் தேவை. அதற்காகத்தான் உங்களை எடுத்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். போட்டி என்பது அன்றைக்கு யார் வென்றார் என்பதை மட்டும் சொல்லும். யார் சிறந்தவர் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லத்தான் சபை இருக்கிறது. விளையாடியே தீர்த்துவிடலாம் என்றால் இந்த மேசை எதற்கு? இந்த அறிக்கைகள் எதற்கு? நான்தான் எதற்கு?"

கடைசிக் கேள்வியை அவர் வேடிக்கைக்குச் சொன்னதுபோல இருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் ஒரு பெண் கிருபானந்தனிடம் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒப்பந்த ஊழியர் அட்டை. "சார், நீங்க தமிழா? நான் கயல். மதுரை. இவங்களோட ஃபார்முலாவை கம்ப்யூட்டர்ல ஓட்டுறது நான்தான்."

அவர் சந்தோஷப்பட்டார். "பிள்ளை, எனக்கு ஒண்டு சொல்லும். இந்தக் கணக்குச் சரியோ?"

கயல் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். "கணக்கு சரிதான் சார். ஆனா கடைசில 'மரபுக் குணகம்'னு ஒண்ணு இருக்கு. போன வருஷ லிஸ்ட்லேர்ந்து ரொம்ப வித்தியாசம் வந்தா அது தானாவே சரி பண்ணிடும்."

"எதைச் சரி பண்ணும்?"

"ரிசல்ட்டை."

"நீர் உதைச் சபைக்குச் சொல்லேல்லையோ?"

"மெயில் போட்டேன் சார். இதுவரைக்கும் வந்த மெயில்களோட இது ஒத்துப்போகலைன்னு பதில் வந்துச்சு." அவள் தேநீரை ஊதினாள். "அந்தக் குணகத்தை எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன். உங்க பொண்ணு டீம் நாலாவது."

கிருபானந்தன் இதை வீட்டில் நிருஷாவிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் செயின்ட்-மிஷேல் பனித்திடலுக்கு வரச் சொன்னாள். அவளும் ஆஷ்வெல் அணித்தலைவியும் தங்களுக்குள் கதைத்து முடிவெடுத்திருந்தார்கள். தங்களைப் பற்றிப் பதினொரு பேர் ஹோட்டலில் இருந்து விவாதிப்பது இரண்டு அணிக்கும் அலுத்துப்போயிருந்தது.

அனுமதியில்லாத போட்டிக்குத் திடல் கொடுக்கமாட்டார்கள் என்பதால் பிறந்தநாள் விழா என்று பதிந்திருந்தார்கள். திடல் பொறுப்பாளர் பிறந்தநாளென்றால் கேக் எங்கே என்று கேட்டார். சிவாஜினி பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய், பெயர் எழுதாத ஒரு கேக்கை வாங்கிவந்து திடலோர வாங்குப் பலகையில் வைத்தாள். கயலும் வந்திருந்தாள். ஒவ்வொரு அடியையும் கொப்பியில் குறித்தாள்.

கிருபானந்தன் மகளின் ஆட்டத்தை எப்போதும் பாதிக் கண்ணால்தான் பார்ப்பார். வட்டு அவள் பக்கம் வரும்போது கண்ணை மூடிவிடுவார். கால்கவசத்தில் பட்டுத் 'தொப்' என்று கேட்டபிறகு திறப்பார். அன்றைக்கு முப்பத்தொரு தரம் கண்ணை மூடினார். ஒரே ஒரு தரம்தான் அந்தச் சத்தம் கேட்கவில்லை. ரோஷ்வால் நாலுக்கு ஒன்று என்று வென்றது.

முடிந்ததும் இரண்டு அணியினரும் பெயரில்லாத கேக்கை வெட்டித் தின்றார்கள். ஆஷ்வெல் தலைவி வியர்வை காயாத முகத்தோடு கிருபானந்தனிடம் வந்தாள். "இந்த இடம் எங்களுடையதல்ல. இவர்கள்தான் போக வேண்டும்," என்றாள். புள்ளித்தாளில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தாள். அப்படிச் செய்ய அவளை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நிருஷா வழிநெடுகக் கதைத்துக்கொண்டே வந்தாள். முகாம் எங்கே நடக்கும், எத்தனை பேர் எடுபடுவார்கள், அங்கே என்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்றெல்லாம். அங்கே இடியப்பம் கட்டிக் கொடுத்துவிட முடியுமோ என்று சிவாஜினி கேட்டாள்.

புதன்கிழமை கிருபானந்தன் புள்ளித்தாளைச் சபை மேசையில் வைத்தார். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் கோபப்படவில்லை. லாபெர்ஜ் தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

"சபை எந்தத் தரவுக்கும் அஞ்சுவதில்லை. இந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்குமாறு பணிக்கிறேன்."

கயல் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசியுங்கள்," என்றார் லாபெர்ஜ்.

"ஆஷ்வெல் எட்டிலிருந்து ஆறாவது இடத்துக்கு ஏறியிருக்கிறது. ரோஷ்வால் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருக்கிறது."

கிருபானந்தன் எழுந்து நின்றார். "வெண்டது ரோஷ்வால்!"

விட்கோம் அன்போடு விளக்கினார். "ஆஷ்வெல் யாரிடம் தோற்றது? மேல்நதி அணி ஒன்றையே வென்ற அணியிடம். அது மதிப்புள்ள தோல்வி. ரோஷ்வால் யாரை வென்றது? கீழ்நதி அணி ஒன்றிடம் தோற்ற அணியை. அதில் என்ன மதிப்பு இருக்கிறது?"

"இரண்டும் ஒரே மட்ச்தானே, ஐயா?"

"ஒரே ஆட்டம்தான். சபைதான் அதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிறது. அதற்குப் பெயர் நடுநிலை."

பட்டியலை நிறைவேற்ற வாக்கெடுப்பு நடந்தது. பத்துக் கைகள் உயர்ந்தன. கிருபானந்தன் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். லாபெர்ஜ் பதினைந்து நிமிட இடைவேளை அறிவித்துவிட்டு அவரை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பட்டியல் ஏகமனதாக இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் இந்த வருடம் சுற்றுப்போட்டி இல்லை. எட்டு அணி. நூற்றறுபது பெண்கள். உங்கள் மகள் எப்படியும் போகப்போவதில்லை. மற்றவர்களும் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பமா?"

கிருபானந்தன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. இன்னொரு தரம் அழைத்தார்; மணி அடித்து ஓய்ந்தது. புள்ளித்தாளில் முழுப்பெயர் எழுதிய அந்த ஆஷ்வெல் பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவளுடைய தகப்பனும் எங்கேயோ ஒரு வேலைத்தலத்தில் நிற்பான் என்று நினைத்தார். உள்ளே வந்து இருந்தார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். அதற்கு மேல் அது போகவில்லை.

"ஏகமனதாக," என்று செயலாளர் எழுதினார்.

அன்று பின்னேரம் அவர் சொன்னபோது நிருஷா குசினி வாசலில் நின்று கேட்டாள். "எத்தினையாவது?" என்றாள். "பதினொண்டு," என்றார். "நீங்களும் கை தூக்கினீங்களோ?" என்றாள். அவர் ஓம் என்று தலையாட்டினார். அவள் ஓகே என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நூற்றறுபது பிள்ளையள், இஞ்சரும்," என்றார் மனைவியிடம்.

"எங்களுக்கு ஒண்டுதானே," என்றாள் சிவாஜினி.

மார்ச்சில் சுற்றுப்போட்டி நடந்தது. ஆஷ்வெல் முதலாட்டத்திலேயே ஏழுக்குப் பூச்சியம் என்று தோற்றது. சபை அதை அந்த வருடத்தின் மிக மதிப்புள்ள தோல்வி என்று பாராட்டிச் சான்றிதழ் அனுப்பியது. ஆஷ்வெல் தலைவி அதைப் படமெடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல், நிருஷாவுக்கு அனுப்பியிருந்தாள். கயலின் ஒப்பந்தம் முடிந்தது. மரபுக் குணகம் தானே தன்னை இயக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டதாக அவளுக்குச் சொன்னார்கள். ஏப்ரலில் ரோஷ்வால் கல்லூரியை மேல்நதிக் கொன்பரன்ஸில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அடுத்த பருவத்திலிருந்து ரோஷ்வால் பலமான அணி. அடுத்த பருவத்தில் நிருஷா இல்லை.

கிருபானந்தனுக்கும் ஒரு கடிதம் வந்தது. அவரைக் கலைச்சொல் உபகுழுவின் துணைத்தலைவராக்கியிருந்தார்கள். மறுத்து எழுதத்தான் இருந்தார். ஆனால் உள்ளே ஒருவராவது இருந்தால்தானே எதையாவது மாற்றலாம் என்று யோசித்து, சம்மதமென்று எழுதினார். மாதத்தில் இரண்டு கூட்டம். நல்ல கோப்பி கொடுத்தார்கள். அவர் சொன்ன ஒரு திருத்தம், ஒரு காற்புள்ளி, ஏற்கப்பட்டது.

மே மாதத்து ஒரு சனிக்கிழமை, கல்லூரிக்குச் சொந்தமான கவசங்களைத் திருப்பிக் கொடுக்க நிருஷாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். பின்னிருக்கை முழுக்கக் கால்கவசம், நெஞ்சுக்கவசம், முகமூடி. அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. ஜோன்-தலோன் வீதியில் வழக்கம்போலப் பாதி வீதியைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். கார்கள் ஊர்ந்தன.

"அப்பா," என்றாள் நிருஷா, "நான் கோவத்திலை கேக்கேல்லை. நாங்கள் ஏன் போகேல்லை? உங்களுக்கு இப்ப விளங்குதோ?"

விளங்குகிறது என்றார் கிருபானந்தன். சொல்லத் தொடங்கினார். ஒரு தனி வெற்றியை அதன் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்று சொன்னார். பலம் என்பது முடிவுகளில் இல்லை, முடிவுகள் நிகழும் கட்டமைப்பில்தான் இருக்கிறது என்று சொன்னார். அன்றைய திடலின் அளவு, பதிவில்லாத நடுவர், பிறந்தநாள் விழா என்ற வகைப்பாடு, எல்லாவற்றையும் கருத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எங்கும் தடக்காமல் வந்தன. அவருக்கே வியப்பாக இருந்தது. வீதி வேலைக்காரன் கொடி காட்டியதும் நிறுத்தினார், நிறுத்திவிட்டும் சொன்னார்.

நிருஷா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இவ்வளவு நேரமும் பிரெஞ்சிலை கதைச்சனீங்கள்."

"ஓமோ?"

"ஓம். எனக்குத் தமிழிலை சொல்லுங்கோ."

"சொல்லுறன்," என்றார் கிருபானந்தன். "அது என்னெண்டால், பிள்ளை... நீங்கள் அவையை வெண்டபடியால்..."

அவள் காத்திருந்தாள்.

"வெண்டபடியால்..."

கொடிக்காரன் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். கிருபானந்தன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் ஹோர்ன் அடித்தார்கள்.

"சரி அப்பா, காரை எடுங்கோ," என்றாள் நிருஷா.